கருவில் வளரும் சேயை ஒலியால் காணல்



சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் தத்தம் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தனர். ஐந்தாந் தரத்து மாணவி ஒருத்தி எமது மேசையருகே வந்து நின்று, "சார், பிளசென்டாவுக்குத் தமிழ்ல என்ன சார்?" என்று கேட்டாள். பத்து வயதுப் பிள்ளைக்கு இச்சொல் எதற்கு என்று வியந்து விசாரித்தோம். அவளுடைய தாயார் ஐந்து மாதக் கர்ப்பிணி. தந்தையாரோ தொலைவிலுள்ள ருவைஸ் பகுதியில் வேலை செய்பவர்; வாரத்துக்கு ஒருமுறையே வீடு வருபவர். தாயாருக்கு ஆங்கிலமும் அரபும் தெரியா. ஆகவே ஸ்கான் பரிசோதனைக்கு மகளே மொழிபெயர்ப்பாளராகச் சென்றிருக்கின்றாள். "பிளசென்டா கீழே இருக்கிறது" என்று மருத்துவர் கூறியதை, "ஏதோ கீழே இறங்கிவிட்டதாம்" என்று தாயாரிடம் கூறியிருக்கின்றாள். தாயாரோ, பிள்ளைதான் கலைந்துவிட்டது என்று எண்ணி இரவெல்லாம் அழுதிருக்கின்றார்.

எமது நாவில் முதலில் வந்த சொல், யாழ்ப்பாணத்துப் பாடநூல்களில் நாம் படித்ததும் பின்னர் படிப்பித்ததுமான 'சூல்வித்தகம்' என்பது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த அத்தாயாருக்கு அச்சொல் பயன்படாது என்று உணர்ந்து, "நஞ்சுக்கொடி என்று அம்மாவிடம் சொல்" என்றோம். அன்று மாலை தாயாரே தொலைபேசியில் அழைத்து, "நஞ்சுக்கொடி கீழே இருக்குன்னா பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே சார்?" என்று கேட்டார். நாம் மருத்துவர் அல்லர். முன்னாள் விஞ்ஞான ஆசிரியர் மட்டுமே. எமக்குத் தெரிந்ததைக் கூறி, உறுதியானதை மருத்துவரிடமே மறுபடியும் கேட்குமாறு சொன்னோம்.

அன்றே இவ்வாண்டு மலருக்கு எழுத வேண்டிய பொருள் எமக்குக் கிடைத்துவிட்டது. கருவுற்ற தாயின் வயிற்றுக்குள் இருப்பதை ஒலி எவ்வாறு காட்டுகின்றது, அதனால் எவ்விடர்களை முன்கூட்டியே அறியலாம், அதன் எல்லை யாது என்பனவற்றை மாணவரும் பெற்றோரும் ஒருங்கே விளங்கிக்கொள்ளும் வகையில் இங்கு தர முயல்கின்றோம்.

செவிக்கு எட்டாத ஒலி

மணியடித்தால் அது அதிர்கின்றது. அவ்வதிர்வு காற்றில் பரவி எமது செவியை அடைகின்றது. ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை அதிர்கின்றதோ அதுவே அவ்வொலியின் அதிர்வெண் எனப்படும். அதன் அலகு ஹேர்ட்ஸ். மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளையே கேட்கவல்லது. அதற்கு மேற்பட்ட ஒலியைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'மீயொலி' என்றும், இலங்கைப் பாடநூல்கள் 'கழியொலி' என்றும் கூறும். இரண்டும் நல்ல சொற்களே. இக்கட்டுரையில் 'மீயொலி' என்றே வழங்குவோம்.

இருளில் பறக்கும் வௌவால் சுவரில் மோதாதது ஏன் என்ற வினாவை 1794ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தவர் இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி. கண் மறைக்கப்பட்ட வௌவால் தடுமாறாது பறந்தது. காது அடைக்கப்பட்ட வௌவாலோ தடுமாறியது. காரணம் அவருக்கு விளங்கவில்லை. வௌவால் எழுப்புவது மனிதருக்குக் கேளாத மீயொலி என்பது 1938இல் அமெரிக்காவில் கிரிஃபின் என்பவரது ஆய்வின் மூலமே வெளிப்பட்டது. தான் எழுப்பிய ஒலி எதிலோ பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டே வௌவால் வழி அறிகின்றது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூவினால் குரல் திரும்பி வருகின்றதல்லவா? அவ்வெதிரொலியே இக்கட்டுரையின் அடிப்படை.

கடலிலிருந்து கருப்பைக்கு

1880இல் பிரான்சு நாட்டின் கியூரி சகோதரர்கள் பியர், ஜாக் இருவரும் குவார்ட்ஸ் போன்ற சில பளிங்குகளை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டனர். மறுதலையாக, அப்பளிங்குக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது சுருங்கி விரியும். மிக விரைவாகக் கொடுத்தால் மிக விரைவாக அதிர்ந்து மீயொலியை எழுப்பும். முதலாம் உலகப் போரின்போது, 1917 அளவில், லாஞ்செவன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இம்முறையைக் கொண்டு கடலுக்கடியில் மறைந்துவரும் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறிய முற்பட்டார். இன்று எமது மீன்பிடி வள்ளங்களிற்கூடக் கடலின் ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் கருவி உண்டு. முன்னோர் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அறிந்த ஆழத்தை, இன்று எதிரொலி திரும்பும் நேரம் அறிவிக்கின்றது.

போருக்கெனப் பிறந்த இவ்வறிவைத் தாய்மாரின் நலத்துக்குத் திருப்பியவர்களில் முதன்மையானவர், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக விளங்கிய இயன் டொனால்ட். இரண்டாம் உலகப் போரில் விமானப்படை மருத்துவராகப் பணிபுரிந்தமையால் எதிரொலிக் கருவிகளைப் பற்றி அவர் அறிந்திருந்தார். உலோகத்தில் உள்ளே மறைந்துள்ள வெடிப்பை வெட்டாமலே கண்டறியும் மீயொலிக் கருவி ஒன்று கொதிகலன் செய்யும் தொழிற்சாலையொன்றில் இருப்பதை அறிந்தார். 1955ஆம் ஆண்டு, அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளைத் தமது மோட்டார் வண்டியில் ஏற்றிச் சென்று அக்கருவியால் சோதித்தார். ஒப்பிடுவதற்கெனத் தொழிற்சாலையார் கொடுத்தது ஒரு துண்டு மாட்டிறைச்சி! நீர் நிறைந்த கட்டிக்கும் திண்ணிய கட்டிக்கும் எதிரொலி வேறுபட்டது.

பின்னர் டொம் பிரவுன் என்னும் இளம் பொறியியலாளரும் ஜோன் மக்விக்கர் என்னும் மருத்துவரும் அவருடன் இணைந்தனர். இரைப்பைப் புற்றுநோய் முற்றிவிட்டது, இனிச் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்மணியின் வயிற்றை இவர்கள் சோதித்தனர். அது புற்றுநோயன்று, சூலகத்தில் வளர்ந்த நீர்க்கட்டி என்று மீயொலி காட்டிற்று. கட்டி அகற்றப்பட்டது, அப்பெண்மணி பிழைத்தார். மூவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 1958 ஜூன் மாதம் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. கருவிலுள்ள குழந்தையின் படமும் அதில் இடம்பெற்றது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் அலிஸ் ஸ்டுவர்ட் என்னும் மருத்துவ அம்மையார், கர்ப்ப காலத்தில் எக்ஸ்கதிர்ப் படம் எடுக்கப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளிடையே புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுவதை 1956இலும் 1958இலும் வெளியிட்டார். மீயொலியோ கதிர்வீச்சன்று, வெறும் அதிர்வே. ஆகவே அது கர்ப்பிணிகளுக்குரிய கருவியாக உலகெங்கும் நிலைபெற்றது. தமிழகத்தில் 1980களில் சென்னையில் தொடங்கப்பட்ட மெடிஸ்கான் நிலையம் கருமருத்துவத்துக்கென்றே பெயர்பெற்றது. அங்கு பயின்ற மருத்துவர் பலர்.

கருவி வேலை செய்யும் முறை

தாயின் வயிற்றின் மேல் வைக்கப்படும் கைக்கருவியில் அதிரும் பளிங்குகள் வரிசையாக அமைந்துள்ளன. வயிற்றின் வழியே பார்ப்பதற்கு ஏறத்தாழ 3 முதல் 5 மெகாஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 30 இலட்சம் முதல் 50 இலட்சம் அதிர்வுகள் பயன்படுகின்றன. கருவி ஒரு நொடிப்பொழுது ஒலியை அனுப்பிவிட்டு, எதிரொலிக்காகக் காத்திருக்கும். உடலின் மென்மையான தசைகளில் ஒலி செக்கனுக்கு 1540 மீற்றர் வேகத்தில் செல்லும் என்று கொள்வர்.

மாணவர்களே, இங்கே ஒரு சிறு கணக்கு. எதிரொலி ஒரு செக்கனின் 10,000இல் ஒரு பங்கு நேரத்தில் திரும்பியது எனின், ஒலி சென்ற மொத்தத் தூரம் யாது? 1540ஐ 10,000ஆல் வகுத்தால் 0.154 மீற்றர், அதாவது 15.4 சென்றிமீற்றர். இது போய்வந்த தூரம். ஆகவே எதிரொலித்த பொருள் 7.7 சென்றிமீற்றர் ஆழத்தில் உள்ளது. இத்தகைய கணக்குகளைக் கணினி இடையறாது செய்து, ஒவ்வோர் எதிரொலியையும் ஒரு புள்ளியாகத் திரையில் இடுகின்றது. புள்ளிகள் கூடிப் படமாகின்றன. வலிய எதிரொலி தரும் எலும்பு வெண்மையாகவும், எதிரொலி தராத நீர் கருமையாகவும் தோன்றும்.

வயிற்றில் பூசும் குளிர்ந்த பசை எதற்கு என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. தோலுக்கும் கருவிக்கும் இடையே மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலும் ஒலி உட்செல்லாது திரும்பிவிடும். அக்காற்றை அகற்றவே பசை. ஆரம்ப மாதங்களில் நீர் அருந்திவிட்டு வரச் சொல்வதும் இக்காரணத்தினாலேயே. நிறைந்த சிறுநீர்ப்பை, காற்றுள்ள குடலை ஒதுக்கிக் கருப்பையைக் காண ஒரு சாளரம் போல் அமைகின்றது.

அசையும் பொருளிலிருந்து திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுபடும். அருகே வரும் அம்புலன்ஸ் வண்டியின் ஒலி கூர்மையாகவும், கடந்து சென்றதும் தடித்தும் கேட்பது இதனாலேயே. 1842இல் டொப்ளர் என்பவர் விளக்கிய இவ்விளைவைக் கொண்டு, கொப்பூழ்க்கொடியிலும் கருவின் மூளைக் குருதிக் குழாயிலும் இரத்தம் ஓடும் வேகத்தையும் அறிகின்றனர்.

எந்த வாரத்தில் எதற்காக?

உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஒவ்வொரு கர்ப்பிணித் தாய்க்கும் 24 வாரத்துக்கு முன்னர் ஒரு தடவையேனும் ஸ்கான் செய்யப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. நடைமுறையில் பின்வரும் வேளைகள் முக்கியமானவை.

6 முதல் 9 வாரம் வரையில்: கரு கருப்பைக்குள்தான் தங்கியுள்ளதா, அதன் இருதயம் துடிக்கின்றதா என்று பார்ப்பர். சில வேளைகளில் கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடுவதுண்டு. அது வளர்ந்து குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. முன்கூட்டி அறிந்தால் பலருக்கு மருந்தாலோ சிறு அறுவையாலோ தீர்வு காணலாம். மாதவிலக்குத் தள்ளிய சில வாரங்களில் ஒருபக்க வயிற்றுவலியோ இரத்தக் கசிவோ மயக்கமோ ஏற்படின், மறுநாள் பார்ப்போம் என்று இருத்தலாகாது.

11 முதல் 14 வாரம் வரையில்: குழந்தையின் உச்சியிலிருந்து புட்டம் வரையான நீளத்தை அளந்து, பேற்றுத் திகதியைக் கணிப்பர். இக்கணிப்பே பின்னர் எல்லாவற்றுக்கும் அளவுகோல். குழந்தையின் பிடரித் தோலின் கீழுள்ள நீர்ப்படலத்தின் தடிப்பையும் அளப்பர். அது மிகுந்திருந்தால் நிறமூர்த்தக் குறைபாடு இருக்கக்கூடும் என்பதை இலண்டனில் பணிபுரிந்த சைப்பிரஸ் நாட்டவரான கைப்ரஸ் நிக்கோலைடிசும் அவரது குழுவினரும் 1992இல் வெளியிட்டனர். இரட்டைக் குழந்தைகள் எனின், இரண்டுக்கும் நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதைத் தெளிவாக அறிவதற்கும் இதுவே ஏற்ற காலம். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையருள் ஒன்றின் இரத்தம் மற்றொன்றுக்குச் சென்றுவிடும் ஆபத்து உண்டு. ஆகவே அத்தகையோரை அடிக்கடி பார்க்க வேண்டும்.

18 முதல் 22 வாரம் வரையில்: தலை, முதுகந்தண்டு, இருதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகம், கைகால்கள் என ஒவ்வோர் உறுப்பையும் நிதானமாகப் பார்ப்பர். நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியுள்ளது என்பதையும் குறிப்பர். கருப்பைக் கழுத்தின் நீளமும் அளக்கப்படலாம். அது 25 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் குறைமாதப் பேறு நேரும் வாய்ப்பு மிகும். அதனைத் தடுக்கப் புரொஜெஸ்தரோன் மருந்து உதவுவதுண்டு.

28 வாரத்தின் பின்: தேவை கண்டவிடத்துக் குழந்தையின் வளர்ச்சி, பனிக்குட நீரின் அளவு, கொப்பூழ்க்கொடியின் இரத்தவோட்டம், குழந்தை கிடக்கும் நிலை என்பன பார்க்கப்படும். எமது தெற்காசியப் பெண்களிடையே கர்ப்பகால நீரிழிவு மிகுதி. அதனால் குழந்தை அளவுக்கு மீறிப் பருத்துவிடலாம். இரத்த அழுத்தம் மிகுந்த தாய்க்கோ குழந்தை மெலிந்து போகலாம். இரண்டையும் அளந்து காட்டுவது ஸ்கான்.

கர்ப்பகால இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பு வரை செல்லும் நோயைப் பற்றி இங்கு தனியே கூற வேண்டும். அதன் முன்னறிகுறிகளை 11 முதல் 14 வாரத்திலேயே கருப்பை நாடிகளின் இரத்தவோட்டம், தாயின் இரத்த அழுத்தம், இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைச் சேர்த்துக் கணிக்கலாம். இவ்வாறு ஆபத்து மிகுந்தவர் எனக் கணிக்கப்பட்ட தாய்மாருக்கு நாள்தோறும் 150 மில்லிகிராம் அஸ்பிரின் கொடுத்து நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2017இல் வெளிவந்தது. 37 வாரத்துக்கு முன் தோன்றும் அந்நோய், மருந்து பெறாதோரில் 100க்கு 4.3 ஆகவும், பெற்றோரில் 1.6 ஆகவும் இருந்தது. ஒன்றை மட்டும் வற்புறுத்துகின்றோம்: மருத்துவர் சொல்லாமல் எவரும் இம்மருந்தைத் தாமே வாங்கி உட்கொள்ளலாகாது.

எமது வீட்டில் நடந்தது

நஞ்சுக்கொடியைப் பற்றி அம்மாணவி கேட்டபோது எமது மனம் கலங்கியதற்குக் காரணம் உண்டு. அதையும் கூறிவிடுகின்றோம்.

1996ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எமது குடும்பம் போரினால் இரண்டாம் முறையாக இடம்பெயர்ந்து, மல்லாவிப் பக்கத்தில் ஒரு கொட்டிலில் இருந்தது. எமக்கு அப்போது பதினாறு வயது. எமது மூத்த அக்கா எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. மின்சாரம் இல்லை, ஸ்கான் என்ற சொல்லைக் கேட்டிருந்தோமேயன்றி அக்கருவியைக் கண்டதில்லை. ஊர் மருத்துவிச்சியம்மா வந்து வயிற்றைத் தடவி, குழலை வைத்துக் காது கொடுத்துக் கேட்டு, "பிள்ளை குறுக்கே கிடக்குது, தலை இறங்கேல்லை. எனக்கு இது சரியாப் படேல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றார். போகும் பாதை மூடப்பட்டிருந்தது.

இரண்டு கிழமை கழித்து, நோவு சிறிதும் இன்றி, இரவில் இரத்தம் பெருகத் தொடங்கிற்று. உழவு இயந்திரப் பெட்டியில் பாயை விரித்து அக்காவைக் கிடத்தினோம். நாம் அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு அருகே இருந்தோம். விடிவதற்கு முன் இருவரும் போய்விட்டனர்.

பல ஆண்டுகள் கழித்து, வன்னியில் ஆசிரியராக இருந்தபோது ஒரு மருத்துவ நூலில் படித்தோம்: நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக் கிடந்தால் பிள்ளையின் தலை இறங்க இடமின்றி அது குறுக்காகக் கிடப்பதுண்டு; பின் மாதங்களில் நோவின்றி இரத்தம் பெருகும். மருத்துவிச்சியம்மாவின் கைகள் உண்மையை அறிந்திருந்தன. அக்கை அறிந்ததை மூன்று மாதங்களுக்கு முன்னரே கண்ணுக்குக் காட்டுவது ஸ்கான். அந்த மூன்று மாதங்களில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் இடத்துக்கு நகர்ந்திருக்கலாம். இரத்தம் கொடுப்போரைத் தேடி வைத்திருக்கலாம். காலமே இங்கு மருந்து.

ஆயினும் பெற்றோர்கள் அஞ்ச வேண்டாம். 20 வாரத்தில் நஞ்சுக்கொடி கீழே காணப்பட்டாலும், கருப்பை விரிந்து வளர வளரப் பெரும்பாலானோருக்கு அது வாயைவிட்டு மேலே விலகிவிடும். ஆகவே 32 வாரமளவில் மறுபடியும் பார்ப்பர். விலகாதவர்களுக்கு, நோவு தொடங்குமுன்னரே நாள் குறித்து அறுவை மூலம் குழந்தையை எடுப்பர். முன்னர் அறுவைப் பேறு கண்ட தாய்க்கு நஞ்சுக்கொடி அப்பழைய தழும்பின் மேல் ஆழ ஊன்றிவிடும் ஆபத்தும் உண்டு என்பதால், முதற் பேற்றின் விவரத்தை மருத்துவரிடம் மறைக்கலாகாது.

இவ்வளைகுடா நாட்டில்

இன்று வானளாவிய மருத்துவமனைகள் நிற்கும் இந்நாட்டின் நிலை முன்பு எவ்வாறிருந்தது என்பதை மாணவர் அறிதல் நன்று. 1960ஆம் ஆண்டு, பட் கென்னடி, மரியன் கென்னடி என்னும் அமெரிக்க மருத்துவத் தம்பதியர் ஆட்சியாளரின் அழைப்பை ஏற்று அல் ஐன் பாலைவனச் சோலைக்கு வந்து, களிமண் வீடொன்றில் மருத்துவமனை தொடங்கினர். அக்காலத்தில் அங்கு பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதி மடிந்தன என்று அம்மருத்துவமனையின் வரலாறு கூறுகின்றது. ஓயசிஸ் என்று பெயர்பெற்றிருந்த அது இன்று, கென்னடி என்னும் பெயரை ஊரார் உச்சரித்தவாறே, கனாட் மருத்துவமனை என வழங்குகின்றது. யாழ்ப்பாணத்தில் 1898இல் இணுவிலில் மகளிர்க்கெனத் தொடங்கிய மக்லியோட் ஆஸ்பத்திரியை எமது மூதாட்டியர் நினைவுகூர்வது போல, இங்குள்ள மூத்தோர் அதனை நினைவுகூர்வர்.

ஒரு தலைமுறைக் காலத்துக்குள் நிகழ்ந்த மாற்றம் பெரிது. முதுகந்தண்டு மூடாமற் போன குழந்தைக்குத் தாயின் வயிற்றிலிருக்கும்போதே அறுவை செய்தால் பிறந்த பின் செய்வதிலும் நன்மை உண்டு என்பது 2011இல் அமெரிக்க ஆய்வொன்றால் உறுதியானது. அத்தகைய அறுவை 2023இல் அபுதாபியிலேயே செய்யப்பட்டது. அதே ஆண்டில் முன்னர் கூறிய நிக்கோலைடிஸ் அவர்களின் பெயரால் கருமருத்துவ நிலையம் ஒன்றும் அங்கு அமைந்தது.

எனினும் வசதி ஊரில் இருந்தால் போதாது. வேண்டிய வாரத்தில் அதனை நாடுவதும் வேண்டும். எமது குடும்பங்களில் தாமதத்துக்குரிய காரணங்களை நாம் அறிவோம். வருகை விசாவில் வந்த மனைவிக்குக் காப்புறுதி இல்லை. காப்புறுதி உண்டாயினும் அனுமதி வர வேண்டும். கணவருக்கு விடுப்பு இல்லை. எப்படியும் ஏழாம் மாதம் ஊருக்குப் போகத்தானே போகின்றோம் என்ற எண்ணம். கண்ணூறு படும் என்ற அச்சம். எல்லா ஸ்கானையும் பெற இயலாத குடும்பம், 18 முதல் 22 வாரத்துக்குரியதையேனும் தவறவிடாதிருத்தல் வேண்டும்.

ஊருக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியது மற்றொன்று. பெரும்பாலான விமான நிறுவனங்கள் 28 அல்லது 29ஆம் வாரத்திலிருந்து மருத்துவர் சான்று கேட்கும். ஒற்றைக் குழந்தையாயின் 36 வாரத்தின் பின்னும், இரட்டையாயின் 32 வாரத்தின் பின்னும் ஏற்றமாட்டா. நஞ்சுக்கொடி கீழே உள்ளவரோ இரத்தக் கசிவு கண்டவரோ பயணச்சீட்டு எடுக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இங்கு எடுத்த ஸ்கான் அறிக்கைகள் அனைத்தையும், குறிப்பாக முதல் மூன்று மாத அறிக்கையை, கைப்பையிலேயே கொண்டு செல்லுங்கள். அங்குள்ள மருத்துவருக்கு அதுவே வழிகாட்டி.

கருவியின் எல்லையும் எமது கடமையும்

ஸ்கான் எல்லாவற்றையும் காட்டும் என்று எண்ணுதல் தவறு. சில இருதயக் குறைகள் தப்பிவிடும். கண்பார்வை, கேள்வி, அறிவுத்திறன் என்பவற்றை அது காட்டாது. சில வேளை இல்லாத அச்சத்தையும் எழுப்பும். பிடரி நீர்ப்படலம் தடித்த குழந்தைகளில் நலமாகப் பிறப்போரும் உளர். அது ஐயத்தைக் காட்டும் கருவி. உறுதி செய்யப் பிற பரிசோதனைகள் உண்டு. மருத்துவத் தேவைக்குப் பயன்படும் அளவில் மீயொலியால் தீங்கு நேர்ந்ததாக நிறுவப்படவில்லை. ஆயினும் வெறும் வேடிக்கைக்காகவும் நினைவுப் படத்துக்காகவும் நெடுநேரம் செய்வதை மருத்துவ அமைப்புகள் ஏற்பதில்லை.

தாயைக் காக்க வந்த இக்கருவியைப் பெண்சிசுவை அழிக்கப் பயன்படுத்திய கொடுமையும் எமது இனத்துக்கு அந்நியமானதன்று என்பதை வெட்கத்துடன் கூறுகின்றோம். அதனாலேயே இந்தியாவில் 1994இல் சட்டம் இயற்றப்பட்டு 1996 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆணா பெண்ணா என்று ஸ்கான் மூலம் அறிவிப்பதும் கேட்பதும் அங்கு சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வளைகுடாவில் மருத்துவர்கள் இதனை இயல்பாகச் சொல்வதுண்டு. சொன்னாலும் சொல்லாவிட்டாலும், வயிற்றிலிருப்பது பெண் என்று அறிந்து முகம் வாடும் வீடு எமது மாணவிகளுள் எவருக்கும் வாய்க்கலாகாது.

அறிக்கை பாதகமாக வந்த வீட்டில் தாயைக் குற்றம் சொல்லுதல் கூடாது. அவள் எதை உண்டாள், எங்கே நடந்தாள் என்று ஆராய்வதால் பயனில்லை. பெரும்பாலான குறைபாடுகள் எவரது தவற்றாலும் வருவனவல்ல. அதனை விழாக்களிலும் விருந்துகளிலும் பேசுபொருளாக்காதிருப்பதும் எமது கடமை.

இறுதியாகச் சொற்களைப் பற்றி ஒன்று. இங்கு எமது பிள்ளைகள் பலர் வீட்டின் மொழிபெயர்ப்பாளர்களாக உள்ளனர். அச்சுமை பத்து வயதுக்கு ஏற்றதன்று. இயன்றவிடத்துத் தமிழறிந்த தாதியரையோ பெரியோரையோ அழைத்துச் செல்லுமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கின்றோம். பெரியவர் எவரும் இல்லாத நாளில் பிள்ளையின் நாவில் சரியான சொல் இருந்தாக வேண்டும். நஞ்சுக்கொடி, கொப்பூழ்க்கொடி, பனிக்குடம், கருப்பை வாய், குறைமாதப் பேறு: இவை பாட்டிமார் வழங்கிய சொற்களே. கன்று ஈன்ற பசுவின் இளங்கொடியை வைக்கோலில் சுற்றிப் பால்மரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். எமக்கு இதற்குச் சொல் இல்லை என்பதில்லை. சொல்லைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மறந்தோம்.

அத்தாயாருக்கு 32 வாரத்திலும் நஞ்சுக்கொடி விலகவில்லை. ஊருக்குச் செல்லும் பயணம் நிறுத்தப்பட்டது. தந்தையார் விடுப்பு எடுத்து வந்தார். தாயாரின் அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். 37ஆம் வாரத்தில், பகல் வேளையில், இரத்தம் ஆயத்தமாக இருக்க, அறுவை மூலம் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அடுத்த சனிக்கிழமை அம்மாணவி வகுப்புக்கு இனிப்புக் கொண்டுவந்தாள். நாம் அதனை வாங்கும்போது எமது அக்காவை நினைத்துக்கொண்டோம்.

தாயும் சேயும் நலமுற்று வாழ, அறிவும் அன்பும் எம் இல்லங்களில் ஒருங்கே பெருகுக என வாழ்த்தி அமைகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க எம் இளஞ்சந்ததி!